நாத்தனாருக்கு வேலை சொல்வது எப்படி

மகளிர் குழுக் கூட்டங்களில் என்னைப் பேசக் கூப்பிட்டால், "தொழில் தொடங்க மொதல்ல என்னக்கா வேணும்?" என்று கேட்பார்கள். லோனு, இடம், சரக்கு என்று சொல்வேன் என நினைப்பார்கள். "ஒங்க நாத்தனாருக்கு ஒரு வேலை சொல்லிப் பாருங்க" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். கல்யாணம் ஆனவர்கள் மட்டும் சிரிக்க மாட்டார்கள்.

தொண்ணூறுகளில் பாளையம்பட்டியில், வீட்டுக் கொல்லையிலேயே அடுப்பு மூட்டிக் காராச்சேவு போட ஆரம்பித்தேன். கூடமாட ஒத்தாசைக்கு இருந்தது என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மதினி. பரளச்சிப் பக்கம் மழையில்லாமல் அவருடைய காடு தரிசாகக் கிடந்ததால் எங்களோடு வந்திருந்தார். கூலி கொடுத்தால், "என்னையக் கூலிக்காரி ஆக்கிட்டியா?" என்பாரோ என்று பயம். தீபாவளிக்கு ஒரு சேலையோடு நிறுத்திக்கொண்டேன். கூலி கொடுக்காத ஆளை எப்படி ஏவுவது? அதிலும் மூத்தவர்.

மதினிக்கு அடுப்பு திகுதிகுவென்று எரிந்தால்தான் வேலை நடக்கிறதென்று மனசு நிறையும். விறகை அள்ளித் திணிப்பார். சேவு மேலே சிவந்துவிடும், உள்ளே வேகாது.

எங்கள் சரக்கை வாங்கியது வீரசோழனில் ஒரே ஒரு கடை. கடைக்கார பாய் நல்ல மனுசர். "ஒங்க சேவு பாக்க மாப்பிள்ளை மாதிரி இருக்கும்மா. கடிச்சா பச்சை மாவு" என்றார். "எம்மக நிக்காஹுக்கு ரெண்டு டின்னு சொல்லியிருக்கேன். அதுவும் இப்படி வந்துச்சுன்னா டவுனு சரக்குக்குப் போயிருவேன், கோவிச்சுக்காத." அந்தக் கடை போனால் நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான்.

நேரே சொல்ல வாய் வரவில்லை. சாடையில் இறங்கினேன். கொல்லையில் மேய்ந்த கோழியைப் பார்த்து, "ஏ கோழி, தீய இப்படி எரிய விட்டா சேவு எங்குட்டு வேகும்?" என்றேன்.

மதினி கட்டிக்கிடந்த ஆட்டைப் பார்த்து, "ஏ ஆடே, நேத்து வந்தவுக எல்லாம் எனக்குத் தீ மூட்டச் சொல்லித் தாராக, கேட்டுக்க" என்றபடி இன்னொரு விறகை உள்ளே தள்ளினார்.

சில நாள் இப்படியே ஓடியது. பக்கத்து வீட்டுக்காரம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அந்தக் கோழிய மேனேசராப் போட்டுட்டியாத்தா?" என்று கேட்டார்.

நிக்காஹுக்கான சேவு போடும் நாள் வந்தது. முதல் ஈடு எண்ணெயில் விழுந்ததுமே கருகல் வாடை. மத்தியான பஸ்ஸில் டின் ஏற வேண்டும். பிசைந்து வைத்த மாவை விட்டால் வீட்டில் வேறு கடலை மாவும் இல்லை. கோழியைத் தேடினேன், எங்கேயோ மேயப் போயிருந்தது. வேறு வழியில்லாமல் கத்திவிட்டேன்.

"மதினி! விறக வெளிய இழுங்க!"

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் ஓடிவந்தார். "எங்க அக்காவையா ஏவுற?"

மதினி விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தார். தம்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏலே, தொழில் நடக்குற எடத்துல ஒனக்கு என்ன சோலி? போயி டின்னத் தொடச்சு வையி." அவர் போய்த் துடைத்தார்.

பிறகு என்னிடம் திரும்பினார். "இன்னைக்குத்தான் மொதலாளி மாதிரி பேசுற. மொதலாளின்னா கூலி குடுக்கணும். டவுன்ல சேவு போடுறவுகளுக்கு என்ன குடுக்காகளோ, அது."

"அப்ப தீவாளிச் சேலை, மதினி?"

"அதுவும்தான். அது எந்தம்பி பொண்டாட்டி எடுத்துக் குடுக்குறதுல்ல?"

முதல் ஈட்டை எங்கள் வீட்டுக்கு ஒதுக்கினோம். அதற்கப்புறம் போட்டதெல்லாம் பதமாக, உள்ளே வரைக்கும் மொறுமொறுவென்று வந்தது. நிக்காஹ் முடிந்து பாய் இன்னொரு டின்னுக்கு ஆள் அனுப்பினார். நான் பணிவாக, "இன்னைக்கே போட்டுரலாமா மதினி?" என்று கேட்டேன்.

"கேக்காத. சொல்லு."

"இன்னைக்கே போடுங்க."

"நாளைக்குப் போடுவோம். இன்னைக்கு எனக்கு முழங்கால் வலி" என்றார்.