புதுச்சத்திரத்தில் இருபத்தைந்தாவதைத் தேடி

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு வியாழக்கிழமை கடலூர் போனேன். ஊர் சுற்ற இல்லை, நெற்பயிர் பார்க்க. வயலில் மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு ஏதாவது பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பிச்சாவரம் பக்கம் உப்புத்தண்ணீரில் ஒரு காட்டு நெல் தானாக வளர்கிறது. அதன் குரோமோசோம் ஒன்றை நம் நெல்லுக்குள் கொண்டுவந்தால் உவர் நிலத்தில் தாக்குப்பிடிக்குமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. நெல்லுக்கு இருப்பது இருபத்து நான்கு, பன்னிரண்டு ஜோடி. வந்து சேர்ந்தது இருபத்தைந்தாவது. அதற்கு ஜோடி கிடையாது. மகரந்தம் உருவாகும்போது மற்றவை ஜோடி சேர்ந்து, முறையாகப் பிரிந்து போகும். இது பின்தங்கி நின்று, பல செல்களில் தொலைந்தே போகும். தலைமுறைக்குத் தலைமுறை அது குறைந்து, கடைசியில் ஐந்தே நாற்றுகளில் இருந்தது. விதை வேறு மிச்சமில்லை. அந்த ஐந்தையும் புதுச்சத்திரத்தில் ஒரு வயலின் கடைசி வரிசையில் நட்டுக் குச்சி ஊன்றியிருந்தேன்.

மூன்று பேராகத் தொடங்கினோம். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருத்தி கனடா போய்விட்டாள். எனக்கு வீட்டிலும் பேச ஆளில்லை. அந்த ஐந்து செடிகளைப் பற்றித்தான் நான் தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

கடலூர் பேருந்து நிலையத்தில் காலை ஆறரைக்குச் சிதம்பரம் வண்டி. புதுச்சத்திரம் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். பையில் கதிரைப் பதப்படுத்தும் ஆல்கஹால் கலவை இருந்தது. மூடி சரியில்லை. கண்டக்டர் மூக்கை உறிஞ்சினார். "பாண்டிச்சேரி சரக்கா மேடம்? காலைலயேவா?" முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இறங்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வயல்காரர் கலியபெருமாள் சிரித்த முகமாக வரப்பில் நின்றார். "வாங்க மேடம். இந்த வாட்டி வயலப் பாருங்க, ஒரு கலவன் கெடையாது. நானே எறங்கிப் புடுங்கிட்டேன்."

கலவன் என்றால் வேறு ரகம் கலந்து முளைத்த செடி. கடைசி வரிசைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். "எங்க புடுங்குனீங்க?"

"கடசி வரிசையிலதான். அஞ்சு செடி குட்டையா, நோஞ்சானா நின்னுச்சு. உங்க ஆராய்ச்சி கெட்டுப்போவுமேன்னு முந்தாநாளு எடுத்துட்டேன்."

மழையில் சாய்ந்த குச்சிகள் சேற்றில் கிடந்தன. அவரைத் திட்ட வாய் வரவில்லை. நல்ல விவசாயி யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போயிற்று. இருவரும் வரப்போரம் தேடினோம். நான்கை மாடு மேய்ந்திருந்தது. ஒன்று மட்டும் தண்ணீர் தேங்கிய மூலையில், வேர் சேற்றில் பட்டுப் பச்சையாகவே இருந்தது. தொண்டைக் கதிர், அதாவது கதிர் இன்னும் உறைக்குள். அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் பக்கெட் கொடுத்தார். "ஒண்டியாவா மேடம் வந்தீங்க? இத எப்பிடித் தூக்கிட்டுப் போவீங்க?" என்றார். மடியில் வைத்துத்தான் போனேன்.

அண்ணாமலை நகரில் தெரிந்தவர் ஒருவரின் நுண்ணோக்கி கிடைத்தது. ஒரு கதிரின் மகரந்தப் பைகளை நசுக்கிச் சாயமேற்றிப் பார்த்தேன். முதல் சில செல்களில் பன்னிரண்டு ஜோடி மட்டும். அடுத்ததில் பன்னிரண்டு ஜோடி நடுவில் வரிசை கட்டி நிற்க, ஓரத்தில் ஒன்று. இருந்தது! கூப்பிட்டுக் காட்ட அந்த அறையில் யாருமில்லை. அழுதுவிட்டேன்.

போகிறவர்களுக்கு: குச்சியை நம்பாதீர்கள், எதைப் பிடுங்கக்கூடாது என்று வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். பாட்டிலை மெழுகு வைத்து அடையுங்கள். தனியாகப் போகும் பெண்கள் சிதம்பரத்தில் அறையை முன்பே பேசிவிடுங்கள். என்னை இரண்டு லாட்ஜில் திருப்பி அனுப்பினார்கள், மூன்றாவதில் எழுநூறு ரூபாய்க்கு இடம் கிடைத்தது.

அங்கிருந்து கலியபெருமாளுக்குப் போன் செய்தேன்.

"உசுரோட இருக்கா மேடம்? நெல்லு வைக்குமா?"

"பாதிக்கு மேல பதராப் போயிடும். வைக்கிற நெல்லுலயும் எல்லாத்துலயும் அது இருக்காது."

அவர் சொன்னார்: "இருக்கறதக் கொண்டாங்க, நம்ம வயல்லயே நடுவோம். நோஞ்சானா இருக்கறதத் தொடவே மாட்டேன். எடம் பத்தலன்னா சொல்லுங்க, நல்லா இருக்கறதப் புடுங்கிடறேன்."