புகைபோக்கியும் ஈரக் கம்பளியும்

அறுபதுகளின் தொடக்கத்தில் கொழும்பில், பல்கலைக்கழகமொன்றில் கட்டட வடிவமைப்புக் கற்பித்துக்கொண்டிருந்தேன். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் என் ஆய்வேட்டைப் பேராசிரியர் ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். மாணவர்களுக்கோ சுத்தியலும் தகரமும் கையில் இருந்தால்தான் பாடம். இரண்டையும் சமாளிக்க முடியாமல் விழி பிதுங்கிப்போனேன்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து அறைகளின் அடுப்புப் புகை. நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையின் மகனாகப் பிறந்தவன். லயத்தைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்ற மண்டைக்கனம் நிறையவே இருந்தது. எங்களுக்குத் தனி வீடு, அதில் புகைபோக்கி வைத்த அடுப்பு என்பதெல்லாம் அப்போது வசதியாக மறந்துபோயிற்று.

வெயில் அடிக்கும் மாசி மாதத்தில் அதே தோட்டத்துக்குப் போய், கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவின் அறையில் தகரக் குழாய் வைத்தேன். புகை நேரே கூரைக்கு மேலே போனது. அளந்தேன், எழுதினேன். மாணவர்களைக் கூட்டிப்போகவில்லை. அவர்கள் கை பட்டால் ஆய்வு கெட்டுவிடும் என்று பயம்.

ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று வாரம் இருந்தபோது, செய்முறை வகுப்பே நடக்கவில்லை என்று பேராசிரியர் கடிந்துகொண்டார். வேண்டா வெறுப்பாக நான்கு மாணவர்களை ஹட்டனுக்கு ரயிலேற்றி, அங்கிருந்து பஸ்ஸில் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். ஆடி மாதம். மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது.

அறைக்குள் நுழைந்தால் ஒரே புகை. குழாயின் வாயைத் தகரத் துண்டால் அடைத்து வைத்திருந்தார் அந்த அம்மா. “ஏம்மா இப்படிப் பண்ணுனீங்க?” என்று கத்தியே விட்டேன்.

“கோவிச்சுக்காதீங்க ஐயா. பொகை போனதோட சூடும் போயிருச்சுங்க. வெறகும் காயல, கம்பளியும் காயல. ஈரக் கம்பளியப் போத்திக்கிட்டு எப்படிங்க வெள்ளனே பேரு பதியப் பெரட்டுக்குப் போறது?”

அண்ணாந்து பார்த்தேன். அடுப்புக்கு மேலே பரணில் விறகு, அதன் கீழே கொடியில் மழைக்குப் போர்த்தும் கம்பளி. மாசியில் அந்தக் கொடி வெறுமையாக இருந்தது. என் ஆய்வேடும் வேலையும் சேர்ந்து போய்விட்டதாகவே நினைத்தேன்.

அந்த அம்மாதான் சொன்னார்: “இந்தக் கொழாய நேரா மேல வுடாம, கொடிக்குக் கீழ சாச்சு வுட்டா ஆகாதுங்களா?”

மாணவர்கள் நான் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. குழாயைக் கழற்றி, வெட்டி, வளைத்து, கொடிக்குக் கீழே சாய்வாக ஓடவிட்டுச் சுவர் வழியாக வெளியே விட்டார்கள். இரண்டு முறை மூட்டு வழியே புகை கசிந்தது, மூன்றாம் முறை நின்றது. மறுநாள் விடியும்போது அந்த அம்மா கம்பளியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். “காஞ்சிருச்சுங்க” என்று போர்த்திக்கொண்டு பெரட்டுக்குப் போய்விட்டார். அப்பாடா என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கடைசி அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டு, புதிய அளவுகளோடு மறுபடி எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் குழாயின் வரைபடத்தில் விரலை வைத்தார்.

“இது யாருடைய யோசனை?”

“அந்த அறையில் இருக்கும் அம்மாவுடையது.”

“செய்தது?”

“மாணவர்கள்.”

“அப்படியானால் நீர் என்னதான் செய்தீர்?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. “அவர்கள் செய்ததை அளந்தேன் ஐயா” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார்.