குண்டு மெஷினுக்குக் கட்டிய எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜை வந்தால் எல்லோருக்கும் பொரி, கடலை, வாழைக்கன்று நினைவுக்கு வரும். எனக்கு இன்றும் ஓர் எலுமிச்சம்பழம்தான் நினைவுக்கு வரும்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு எனக்கு வேலை கிடைத்தது. ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுக்குப் போகும் வழியில், பழைய நெல் கிடங்கில் நடந்த பட்டறை அது. முதலாளி அதுவரை வெட் கிரைண்டர் செய்து விற்றுக்கொண்டிருந்தவர். யார் பேச்சையோ கேட்டு, துறைமுகத்தில் ஏலத்துக்கு வந்த சில பின்பால் மெஷின்களை வாங்கிப் போட்டுவிட்டார். அவை ஓடா என்பதும், ஓடவைக்க ஓர் ஆள் வேண்டும் என்பதும் லாரியிலிருந்து இறக்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த ஆள்தான் நான்.

பின்பாலைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கட்டில் நீளத்துக்குக் கண்ணாடி மூடிய சாய்வு மேஜை. உள்ளே ஓர் இரும்புக் குண்டு உருண்டு வரும். அது கீழே போய் விழுவதற்குள் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால், இரண்டு சின்னக் கைகள் அதைத் தட்டி மேலே அனுப்பும். குண்டு எதில் இடித்தாலும் அங்கிருக்கும் சுவிட்ச், தலைமாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் போர்டுக்குச் சேதி சொல்லும். போர்டு மதிப்பெண் ஏற்றும், விளக்கு போடும், மணி அடிக்கும், நடுநடுவே வெள்ளைக்காரன் குரலில் சிரிக்கும். எங்கள் பக்கத்தில் அதற்குக் குண்டு மெஷின் என்றே பெயர் விழுந்துவிட்டது.

முதல் மெஷினை நான் போய்ச் சேருவதற்கு முன்பே முதலாளி தம் கையால் சொருகிப் பார்த்திருந்தார். அது நூற்றுப்பத்து வோல்ட்டுக்குச் செய்தது. நம் ஊர் கரண்ட் அதைப்போல இரண்டு மடங்கு. "கொஞ்சம் பொகை வந்துச்சும்மா, அவ்ளோதான்" என்றார், ஏதோ ஊதுவத்தி ஏற்றியவர் மாதிரி. திறந்து பார்த்தால் உள்ளே கரிதான் இருந்தது. மற்ற மெஷின்களில் பேட்டரி ஒழுகி, போர்டு முழுக்கப் பச்சையாகப் பூத்து, செம்புக் கோடுகளைத் தின்றுவிட்டிருந்தது. நான் அதைச் சுரண்டினேன், கழுவினேன், அறுந்த கோட்டுக்கெல்லாம் மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்தேன். செத்த டிரான்சிஸ்டர்களைத் தேடித் தேடி மாற்றினேன். செத்துக் கிடந்த போர்டில் ஒரு விளக்கு கண் சிமிட்டும்போது எனக்கு வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கும். வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

மாமல்லபுரம் கடற்கரையில் விடுதி வைத்திருந்த ஒருவர் மெஷின் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்தால் எல்லா மெஷினையும் எடுத்துக்கொண்டு மேலும் கேட்பார். பிடிக்காவிட்டால் முதலாளி மறுபடி கிரைண்டருக்கே போய்விடுவதாக முடிவு செய்திருந்தார். கிரைண்டருக்கு என்னைப் போல ஒருத்தி எதற்கு? எங்கள் வீடு பிள்ளைப்பாக்கத்தில். அங்கே அப்பா திருச்சிப் பக்கத்து வரன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "வேலை நெலைக்குதான்னு பாத்துட்டு சொல்றோம்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். வேலை நிலைக்காவிட்டால் நான் திருச்சிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்தப் பையன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. போட்டோவில் பாவமாகத்தான் இருந்தார்.

விடுதிக்காரர் ஆயுத பூஜை அன்றே வருவதாகச் சொல்லிவிட்டார், நல்ல நாளாம். முந்தின நாள் சாயங்காலம் நானே மூன்று ஆட்டம் ஆடிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

காலையில் அப்பாவின் மொபெட்டில் வந்து இறங்கினேன். பொரி வாங்கிக்கொண்டு போகலாம் என்று அப்பாவும் உள்ளே வந்தார். பட்டறையில் பெட்டிகளுக்கு வண்ணம் அடிக்கும் பெயின்டர் அண்ணன் விடியற்காலையிலேயே வந்து எல்லாவற்றையும் முடித்துவைத்திருந்தார். வேலையில் சுத்தமான மனுஷன். பக்தியில் அதைவிடச் சுத்தம். வாழை இலையில் என் சால்டரிங் அயர்ன், மீட்டர், திருப்புளிகள், குறடு எல்லாம் சந்தனப் பொட்டோடு படுத்திருந்தன. போர்டு துடைக்கும் பிரஷ்ஷும் ஸ்பிரிட் பாட்டிலும்கூட இலையில் ஏறியிருந்தன. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும். எனக்கு என்ன, மெஷின்தான் ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன்.

விடுதிக்காரரும் நேரத்துக்கு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம். கற்பூரம் காட்டும்போது மெஷினில் விளக்கு எரிய வேண்டும் என்று பெயின்டர் அண்ணன் சுவிட்சைப் போட்டார்.

பிடித்தது சனியன். யாரும் காசு போடாமலே ஆட்டக் கணக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறியது. ஒவ்வொன்றுக்கும் அந்த வெள்ளைக்காரன் ஹாஹாவென்று சிரித்தான். உள்ளே எதுவோ டப் டப்பென்று உதைத்தது. பூஜை மணியும் மெஷின் மணியும் சேர்ந்துகொண்டன. எங்கள் முதலாளி கன்னத்தில் போட்டுக்கொள்வதா பிளக்கைப் பிடுங்குவதா என்று தெரியாமல் இரண்டு கையையும் தூக்கியபடி நின்றார்.

"நல்லா இருக்கே" என்றார் விடுதிக்காரர். ஆட ஆரம்பிக்கும் பொத்தானை அழுத்தினார். மெஷின் டில்ட் என்று எழுதிக் காட்டிவிட்டு எல்லாவற்றையும் நிறுத்திக்கொண்டது. மேஜையை யாராவது முரட்டுத்தனமாக ஆட்டினால் ஆட்டத்தைப் பறித்துக்கொள்ள அதில் ஓர் ஏற்பாடு உண்டு. அதைத்தான் டில்ட் என்பார்கள்.

"நான் கையே வெக்கலயே" என்றார் அவர், திருட்டுப் பட்டம் கட்டினாற்போல.

நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தலைமாட்டுப் பெட்டியைத் திறந்தேன். சாவி பூட்டிலேயே இருந்தது. உள்ளே பார்த்தேன். என் போர்டு ஒவ்வொன்றிலும், ஒவ்வொரு ஐ.சி. சில்லின்மேலும், சந்தனம் குழைத்து வைத்து அதன் நடுவில் ஈரக் குங்குமம். பவர் சப்ளைக்கு மட்டும் திருநீற்றுப் பட்டை. சந்தனம் வழிந்து சில்லுகளின் கால்களுக்கு நடுவில் இறங்கியிருந்தது. ஈரத்தில் ஒரு காலின் சேதி அடுத்த காலுக்குப் பாய்ந்தால் மெஷினுக்குப் பைத்தியம் பிடிக்காமல் என்ன செய்யும்?

"இன்னாண்ணா பண்ணி வெச்சிக்கிறீங்க?" என்றேன். என் கோபம் சொல்லிக்கொண்டு வருகிற ஜாதி இல்லை.

"உள்ள தானம்மா உசுரு கீது. வெளிய மட்டும் பொட்டு வெச்சா எப்டி? நீதான சொன்ன, எல்லாம் இந்த பச்ச பலகைலதான் கீதுன்னு." அவர் முகத்தில் ஒரு துளிக் கள்ளம் இல்லை. அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

கண்ணாடியை இழுத்து, மேஜைப் பலகையைத் தூக்கி நிறுத்திப் பார்த்தேன். மேஜையின் அடிப்பெட்டிக்குள் ஓரமாக ஓர் இரும்பு வளையம், அதன் நடுவில் கம்பியில் தொங்கும் ஒரு சின்ன எடைக் குண்டு. மேஜை ஆடினால் குண்டு வளையத்தைத் தொடும், உடனே டில்ட். அந்தக் குண்டில் ஓர் எலுமிச்சம்பழம், நாலு பச்சை மிளகாய், ஒரு கரித்துண்டு. பழம் பெட்டிச் சுவரில் சாய்ந்து, எடைக் குண்டைக் கீழே இழுத்து, வளையத்தோடு ஒட்ட வைத்திருந்தது.

"அது சும்மா தொங்கினு இருந்திச்சி" என்றார் பெயின்டர் அண்ணன். "திருஷ்டிக்கோசரம்தான் வெள்ளக்காரன் வெச்சிக்கிறான்னு நெனச்சேன். அவன் மறந்துட்டான், நாம கட்டுவோம்னு கட்டிட்டேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று கேட்டிருக்கிறேன். இங்கே பிள்ளையாருக்குச் சந்தனம் வைத்தே குரங்காக்கிவிட்டார். நான் இலையின் பக்கம் போய் பிரஷ்ஷுக்குக் கையை நீட்டினேன்.

"ஐயோ, தொடாதம்மா" என்று முதலாளி குறுக்கே வந்தார். விடுதிக்காரரும், "பூஜையில வெச்சத எடுக்கக் கூடாதும்மா, வியாபாரத்துக்கு ஆகாது" என்றார். மெஷினும் ஓட வேண்டும், ஆயுதமும் தொடக் கூடாது. அப்பா பொரிப் பொட்டலத்தோடு ஒரு மூலையில் நின்று, என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். திருச்சிக்கு எந்த ரயில் என்று யோசிக்கிறாரோ என்று தோன்றியது. அழுகை வந்தது. அழுதால் போர்டில் இன்னும் ஈரமாகும் என்று அடக்கிக்கொண்டேன்.

"அண்ணா, பெட்டிக் கடைல ஒரு புது டூத் பிரஷ். அப்டியே கம்பவுண்டர் வூட்ல காயத்துக்குப் போட்ற ஸ்பிரிட். போங்க, ஓடுங்க." பெயின்டர் அண்ணன் சைக்கிளில் பறந்தார். நான் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினேன். தாவணியில் குத்தியிருந்த பின்னையும் எடுத்தேன். பூஜைக்கு ஆயுதம் திரட்டியபோது இதையெல்லாம் யாரும் ஆயுதமாக எண்ணவில்லை, அது என் அதிர்ஷ்டம்.

கொண்டை ஊசியால் சில்லின் கால்களுக்கு நடுவே சந்தனத்தைக் கிளறி எடுத்தேன். பிரஷ் வந்ததும் ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தேன். வயர்களின் முனைகளைக் கையாலேயே கழற்றி, பின்னைக் கொண்டு வழித்து, துடைத்துத் திரும்பச் சொருகினேன். பெயின்டர் அண்ணன் பிராயச்சித்தமாகத் தினத்தாளை மடித்து வைத்துக்கொண்டு விசிறு விசிறென்று விசிறினார். எலுமிச்சம்பழத்தின் முடிச்சு மட்டும் அவிழவில்லை. கத்தரிக்கோல் இலையில் இருந்தது. வேறு வழியில்லாமல் பெட்டிக்குள் தலையை விட்டு, நூலைப் பல்லால் கடித்தேன். வாயில் மிளகாய் காரம். வெளியே நின்றவர்களுக்கு என் பாவாடையும் காலும் மட்டும்தான் தெரிந்திருக்கும். முதலாளி விடுதிக்காரரிடம், "எல்லாம் டெஸ்டிங்தான் சார்" என்று சொல்வது காதில் விழுந்தது.

எடைக் குண்டை விரலால் கம்பியில் மேலே தள்ளிச் சரியாக நிறுத்தினேன். எல்லாம் காய்ந்தபின் பிளக்கைச் சொருகினேன். விளக்கு எரிந்தது. கணக்கு ஏறவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

விடுதிக்காரர் முதலில் கோயில் பிரசாதம் வாங்குகிறவர் போல விறைப்பாக நின்று ஆடினார். இரண்டாவது ஆட்டத்தில் வேட்டியை மடித்துக் கட்டினார். மூன்றாவதில், "போவாத, போவாத, டேய்" என்று குண்டோடு பேச ஆரம்பித்தார். முதலாளியின் முகம் பௌர்ணமியாகிவிட்டது. என் முகமும்தான். அவசரப்பட்டுவிட்டோம்.

அவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு முதலாளியிடம் சொன்னார். "மெஷின் நல்லா இருக்கு. பொண்ணோட வேலையும் சுத்தம். ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இது கடலோரத்துல நிக்கப் போறது. உப்புக் காத்துல அடிக்கடி ரிப்பேர் வரும். இந்தப் பொண்ணுக்கு நாளைக்கே கல்யாணமாகி எங்கயாவது போயிட்டா, யாரு வந்து பாப்பாங்க? வேற ஆள் இருந்தா சொல்லுங்க, எடுத்துக்கறேன்."

வேறு ஆள் ஏது? முதலாளி பெயின்டர் அண்ணனைப் பார்த்தார். பெயின்டர் அண்ணன் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

பல்லால் நூல் கடித்து மெஷினை ஓட வைத்தது நான். இப்போது என் கழுத்தில் ஏறாத தாலியால் ஆர்டர் போகிறதா? எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "நான் எங்கயும் போவ மாட்டேன் சார். கல்யாணம் பண்ணிக்கினாலும் இந்த ஒரகடம் பஸ் போற ரோட்லதான் பண்ணிக்குவேன். காலைல வேலைக்கு வந்து சாயங்காலம் வூட்டுக்குப் போற தூரம். அதுக்கு மேல ஒரு அடி தள்ளி மாப்ள வந்தா வேணாம்னு சொல்லிடுவேன்."

சொன்ன பிறகுதான் மூலையில் அப்பா நிற்பது நினைவுக்கு வந்தது. பொரியை மெல்வதை நிறுத்தியிருந்தார். பெற்றவர் முன்னால், ஊரார் முன்னால், மாப்பிள்ளைக்கு எல்லைக் கல் நட்ட பெண் எங்கள் வகையறாவில் நான்தான் முதல்.

விடுதிக்காரர் நிதானமாக அப்பாவிடம் திரும்பினார். "நீங்கதான் தகப்பனாரா? பொண்ணு சொல்றது உங்களுக்குச் சம்மதமா? நான் இதை நம்பித்தான் வாங்கணும்."

அப்பா வாயிலிருந்ததை விழுங்கினார். மெஷினைப் பார்த்தார், வாழை இலையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவே இல்லை. "அதான் சொல்லிட்டாளே சார்" என்றார். அதைக் கேட்ட பிறகு நான் அழுதேன். மெஷினுக்குத் தள்ளி நின்றுதான் அழுதேன்.

எல்லா மெஷின்களும் மாமல்லபுரம் போயின. திருச்சிப் பையனுக்கு வேறு இடத்தில் அமைந்துவிட்டது. மூன்று வருஷம் கழித்துச் சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா, "வூட்லேர்ந்து பஸ் ஸ்டாப் எவ்ளோ தூரம்?" என்று கேட்டார். எதிரிலேயே என்றார்கள். காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அதற்கும் சொன்னார்கள். அப்பா வெற்றிலைத் தட்டை எடுத்து நீட்டிவிட்டார். மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்கவே இல்லையே என்பது, அவர்கள் அந்த பஸ் ஏறிப் போன பிறகுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.