ஜப்பார் பாயின் சாமுராய்

காலையில் ஆம்பூரிலிருந்து அழைப்பு வந்தது. "ஜப்பார் பாய் தவறிட்டாரு சார். சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சி எடுக்கறாங்க." இந்த வயதில் வேறெதற்கு நம்மை அழைக்கிறார்கள்? காட்பாடியில் ரயில் ஏறினேன். அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்ற ஐயம் இன்னும் தீரவில்லை.

அப்துல் ஜப்பார் அவர்கள் தோல் பதனிடும் தொழிற்சாலை நடத்தியவர். நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். இளமையில் தோல் விற்க ஜப்பான் சென்றவர் ஒரு சாமுராயின் கதையோடு திரும்பினார். பழைய ஆட்சியைக் கவிழ்த்த அந்த வீரர், புதிய அரசில் அமைச்சரானார். தம் குலத்தாருக்குத் தரப்பட்டுவந்த மானியத்தை நிறுத்தினார். இடுப்பு வாளையும் கழற்றச் சொன்னார். ஒருநாள் அலுவலகம் போகும் வழியில் அவரை வெட்டிக் கொன்றவர்களும் சாமுராய்களே.

அந்த வாழ்க்கையை ஜப்பார் அவர்கள் தமிழில் எழுதிவந்தார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து எனக்குப் படித்துக் காட்டுவார்.

"அந்தாளு செஞ்சது சரியா சார்?"

"இரு தரப்பிலும் நியாயம் உண்டு."

"பரீட்சை பேப்பர் மாதிரியே பேசறீங்க" என்று சிரிப்பார்.

பிறகு அவரைத் தோல் தொழிற்சாலைச் சங்கத்தின் தலைவராக்கினார்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் பாலாற்றில் விடும் தொழிற்சாலைகளை மூடுவதென்று முடிவாயிற்று. எதை முதலில் மூடுவது என்று கூட்டத்தில் எல்லோரும் தயங்கினார்கள்.

"எங்களுத" என்றார் அவர்.

அது அவரும் தம்பி இலியாஸும் சேர்ந்து நடத்தியது. இலியாஸ் எழுந்தார். "அசலான்கூட இப்படி செய்யமாட்டான் பாய்ஜான். உங்க ஜனாஸாவுக்குத் தோள் குடுக்கவும் வரமாட்டேன்."

அன்றோடு எழுத்து நின்றது. சென்ற மாதம் கடைசி அத்தியாயம் பற்றிக் கேட்டேன்.

"அத்த விடுங்க சார். இலியாஸ் தோள் குடுப்பானா, அதச் சொல்லுங்க."

"வரலாம், வராமலும் போகலாம்."

"மறுபடியும் பரீட்சை பேப்பர்" என்றார். இம்முறை சிரிக்கவில்லை.

வீட்டிலிருந்து ஜனாஸா பெட்டியை எடுத்தபோது இலியாஸ் இல்லை. ஆளுக்குச் சில அடி தூக்கி அடுத்தவருக்குத் தோள் மாற்றுவது அவர்கள் வழக்கம். நான் கூட்டத்தின் பின்னால் நடந்தேன். பூட்டிய தொழிற்சாலையின் கேட்டருகே இலியாஸ் தனியாக நின்றிருந்தார். ஊர்வலம் அவரைக் கடந்தது. அப்போது அவர் விறுவிறுவென்று என்னைத் தாண்டிப் போய் பெட்டியின் முன்கொம்பைத் தோளில் வாங்கினார்.

சற்று தூரம் சென்றதும் ஒருவர், "போதும் பாய், குடுங்க" என்றார்.

"நவுரு. ஜாஸ்தி தூரம் இல்ல."

உண்மையில் கபரஸ்தானுக்குத் தூரம் அதிகம்.

ஜப்பார் பாய், அந்தச் சாமுராய் செய்தது சரியா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. உங்கள் மற்றொரு கேள்விக்குப் பதில் உண்டு. தோள் கொடுத்தார். கபரஸ்தான் வரை யாருக்கும் மாற்றவில்லை. போய் வாருங்கள்.