தங்கச்சியின் லண்டன்

2009 ஆவணியில் வீட்டுக்காரரோடும் மகளோடும் லண்டன் பார்க்கப் போனேன். பார்த்ததென்னவோ லண்டனில் இருக்கும் எங்கள் சனத்தின் வீடுகளைத்தான். அரண்மனை பார்க்க ஆசைப்பட்டு வந்தவளுக்கு வீட்டுக்கு வீடு, கூரைக்கு அடியில் புதிதாகக் கட்டிய லொஃப்ட் அறையைக் காட்டினார்கள். "ஏறி வாங்கோ, தலை கவனம்" என்றார்கள். ஏறினேன். தலை இடித்தது. "நல்லாயிருக்கு" என்றேன். வேறென்ன சொல்ல?

தங்கச்சி வீடு தென் லண்டனில், சட்டனில். ஒரு காலத்தில் அவளும் நானும் டென்மார்க்கில் ஒரு சின்ன ஊரில், ஒரே தெருவில் இருந்தவர்கள். அங்கே இருந்ததே விரல்விட்டு எண்ணக்கூடிய தமிழ்க் குடும்பங்கள். அந்த நாட்டுக் குடியுரிமை கையில் கிடைத்ததுதான் தாமதம், ஒவ்வொன்றாகப் பெட்டி கட்டிக்கொண்டு லண்டனுக்கு ஓடின. தங்கச்சியும் ஓடினாள். "பிள்ளையளுக்கு இங்கிலீசும் வரும், தமிழும் வரும். கோயில் இருக்கு, கடை இருக்கு, வேற என்ன வேணும் அக்கா?" என்றாள். என் வீட்டுக்காரர் அசைகிற ஆளா! அவருக்கு நிரந்தர வேலை இருந்தது, மீன் பிடிக்க ஏரி இருந்தது. கறிவேப்பிலை வாங்க ரயிலேறிப் போகிறவளாக நான் அங்கேயே மிஞ்சினேன்.

பொறாமை என்று சொன்னால் போதாது, வயிறு பற்றி எரிந்தது. அவளுடைய பிரிட்ஜைத் திறந்தால் முருங்கையிலை. வெம்பிளிக்குக் கூட்டிப் போனாள், தெரு முழுக்கச் சேலைக் கடையும் நகைக்கடையும். அங்கே நடைபாதையில் ஒருவர் என்னை இடித்துவிட்டு, "சொரி அக்கா" என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் ஊரில் யார் இடித்தாலும் டேனிஷில்தான் மன்னிப்புக் கேட்பார்கள். தங்கச்சிக்கு அது காதில்கூட விழவில்லை. அவள் பாட்டுக்கு வெண்டிக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியிலிருந்து வந்தவர்கள் ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகாமல் விட்டால், அதைப் பிறகு செத்த வீட்டில்கூடச் சொல்லிக் காட்டுவார்கள். அதனால் சட்டன், சவுத்தால், வெம்பிளி என்று வீடு வீடாக அலைந்தோம். எல்லா இடத்திலும் ரோல்ஸ், தேத்தண்ணி. "நீங்கள் இன்னும் அங்கதானோ?" என்று ஆஸ்பத்திரியில் கிடப்பவரை விசாரிக்கிற குரலில் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் சிரித்துச் சமாளித்தார். நான் இன்னொரு ரோல்ஸை எடுத்துக் கடித்தேன்.

இதெல்லாம் போகட்டும். என் மகளுக்கு அப்போது பதினேழு வயது, ஒரே பிள்ளை. டென்மார்க்கில் அவளுடைய அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். நான் தமிழில் கேட்டால் டேனிஷில் ஒரு சொல்லில் பதில் வரும். லண்டனில் அதே பிள்ளை தங்கச்சியின் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேடையில் ஏறி இருந்துகொண்டு, "சித்தி, சித்தி" என்று கெக்கட்டம் விட்டுச் சிரித்தாள். தங்கச்சியின் தோட்டைக் கழற்றித் தன் காதில் போட்டுக்கொண்டாள். ஒரு நாள் தங்கச்சி என்னிடம், "அக்கா, இவளை அடுத்த வருசம் இங்க விடுங்கோவன். இங்க நிண்டு யூனிவர்சிட்டிக்குப் போகட்டும். மேல லொஃப்ட் அறை சும்மாதானே கிடக்கு" என்றாள். மகள் என் முகத்தையே பார்த்தாள்.

"பார்ப்பம்" என்றேன். உள்ளுக்குள் கொதித்தது. இவளுக்கு வீடு இருக்கிறது, கோயில் இருக்கிறது, இடித்தால் தமிழில் மன்னிப்புக் கேட்கிற தெரு இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரு பிள்ளை. அதையுமா கேட்கிறாள்!

வெளிக்கிடுவதற்கு முதல் நாள் எனக்கு விசர் வந்துவிட்டது. "இண்டைக்கு ஒருத்தர் வீட்டுக்கும் நான் வரமாட்டன். அந்தப் பாராளுமன்ற மணிக்கூட்டைப் பார்த்துப்போட்டுத்தான் பிளேன் ஏறுவன்" என்று கத்தினேன். வீட்டுக்காரர் கால் நோகிறது என்று சோபாவில் சாய்ந்துவிட்டார். தங்கச்சி முகம் ஒரு மாதிரிப் போனது. ஆனாலும் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். அவளும் நானும் மகளுமாக ரயிலேறினோம்.

பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்று மணிக்கூட்டுக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபோது, அப்பாடா, லண்டனுக்கு வந்துவிட்டேன் என்றிருந்தது. தலையைக் கோதிக்கொண்டு கமராவைத் தங்கச்சியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கோபுரத்தையும் பார்க்கவில்லை. றோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த புல்தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சித்தி, என்ன?" என்றாள் மகள்.

"போரை நிப்பாட்டச் சொல்லி இதிலதான் நிண்டனாங்கள். சித்திரையிலயும் வைகாசியிலயும். ஷிப்ட் முடிஞ்சா நேரா இங்கதான். மழைக்குள்ளயும் நிண்டம். ஆரெண்டே தெரியாத மனிசியள், என்னைக் கட்டிப்பிடிச்சுக் குழறிச்சினம்."

அந்த மாதங்களில்தான் ஊரில் போர் முடிந்துகொண்டிருந்தது. எங்கள் பெரியம்மாவின் பிள்ளைகள் வன்னியில் அகப்பட்டிருந்தார்கள். ஒருவரும் வெளியே வரவில்லை. தங்கச்சி அவர்களைப் பற்றிச் சொல்லச் சொல்ல, மகள் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். திக்கித் திக்கித் தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்னிடம் அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

இதற்குப் போய் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன். வீட்டையும் கடையையும் பார்த்து எரிந்ததெல்லாம் ஒன்றுமேயில்லை. நாலு பேரோடு நின்று குழறி அழ இவளுக்கு ஒரு புல்தரை இருந்திருக்கிறதே என்று அந்த இடத்தில் வைத்து நினைத்தேன்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்கள் அப்ப என்ன செய்தனீங்கள்?"

"வேலைக்குப் போனனான்."

எனக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அங்கே ஒருவருக்கும் எங்கள் நாடு எந்தப் பக்கம் என்றே தெரியாது. வீட்டில் மகளுக்குப் பள்ளிக்கூடச் சோதனைக் காலம் என்று டிவியின் சத்தத்தையும் குறைத்து வைத்திருந்தேன்.

"ஆரோட கதைச்சனீங்கள்?" என்றாள் மகள்.

"ஒருத்தரோடயும் இல்லை. வெங்காயம் வெட்டுற வேலையைக் கேட்டு வாங்கினனான். ஒவ்வொரு நாளும் நான்தான் வெட்டினனான்."

மகள் சித்தியின் கையை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். தங்கச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கு ஒரு போன் எடுத்திருக்கலாமே அக்கா?" என்றாள்.

"எத்தனை தரம் எடுத்தனான்! நீ வீட்டில எங்க இருந்தனி? இங்கயெல்லோ நிண்டனி!" என்று சீறினேன். சுற்றுலாவுக்கு வந்தவர்கள் எங்களை விலத்திக்கொண்டு போய்ப் படம் எடுத்தார்கள்.

அடுத்த வருடம் மகளை நானே கொண்டுபோய்ச் சட்டனில் விட்டேன். தங்கச்சி வாசலுக்கு ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டபோது எனக்கு வயிறு எரியத்தான் செய்தது. பெட்டிகளை லொஃப்ட் அறைக்கு ஏற்றிவிட்டு இறங்கி வந்து தங்கச்சியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"படிக்காட்டிலும் பரவாயில்லை. அழுதாளெண்டா, தனிய விட்டிடாதை" என்றேன்.