ஒரு கைப்பிடி உலர்திராட்சை

மாலை மூன்று ஐம்பதுக்கு எங்கள் நாய் மணி வாந்தியெடுத்தான். மகள் கேட்டாளென்று அவனுக்கு நான் சுட்ட பிஸ்கட்டின் வாசம் அடுப்படியில் நின்றது. அப்பா வேலை பார்த்த பேகம்பூர் பேக்கரியின் அதே வாசம்.

அங்கே பன் மாவில் உலர்திராட்சை சேர்க்கும் முன்பே, ஓர் உருண்டையைப் பிய்த்துத் தெருநாய்களுக்கென்று தனியாகச் சுடுவார் அப்பா.

"ரெண்டு திராட்ச போட்டாத்தான் என்னப்பா? சரியான கஞ்சம்!"

"போ கழுத, அதுகளுக்கு இம்புட்டுப் போதும்."

அந்தக் குறை தீர இன்று ஒரு கைப்பிடி போட்டேன். திராட்சை நாய்க்கு விஷம், உடனே கொண்டுவாருங்கள் என்று மருத்துவர் போனில் சொன்னார். மணியை மடியில் கிடத்தி, ஆட்டோவுக்காக வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டோ வருவதற்குள், பள்ளி விட்டு மகள் வந்தாள்.

"ம்மா, பிஸ்கட் சாப்டானா? பிடிச்சிருந்துச்சா?"