என் தம்பி சிரிக்கவில்லை

பதுளையில் நானும் என் சிநேகிதியும் ஆங்கில இலக்கியம் படித்த வகுப்பறையின் சன்னல் நமுனுகுல மலையைப் பார்த்திருந்தது. அவள் எப்போதும் சன்னலோரத்தில் உட்காருவாள். பிடித்த வரி வந்துவிட்டால் பென்சிலால் அடியில் கோடு போட்டுவிட்டு, அந்த வரி உண்மைதானா என்று சரிபார்ப்பதுபோல மலையை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாள். தபால் கந்தோரில் வேலை பார்த்தவரின் மகள், டவுனிலேயே வளர்ந்தவள். அவளுக்கு மலை என்றால் சன்னலுக்கு வெளியே நிற்பது.

நாங்கள் படித்த அந்தப் பழைய ஆங்கிலக் கவிதைகளில் ஒரு குழந்தை திரும்பத் திரும்ப வரும். தனியாக வெளியே போகும். அருவியோ, இடியோ, இருண்ட மலைமுகடோ அதை நடுங்க வைக்கும். வீடு திரும்பிய பிறகும் பல நாள் அந்த நடுக்கம் தீராது. வளர்ந்து பெரியவரானதும் திரும்பிப் பார்த்து, தன்னை ஆளாக்கியதே அந்தப் பயம்தான் என்று இயற்கைக்கு நன்றி சொல்லும். இயற்கை கண்டிப்பான செவிலித்தாய் என்று நானும் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி வாங்கியிருக்கிறேன். ஆனால் படிக்கும்போதெல்லாம் ஒன்று உறுத்தும். அந்தக் கவிதைகளில் மலை நின்ற இடத்திலேயே நிற்கிறது. பயந்த குழந்தை தவறாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறது. வரும்போது வீடும் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்ல என்ற சுற்றுலா ஊருக்குப் போயிருந்தோம். வெள்ளைக்காரர்கள் தேயிலைச் சரிவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிநேகிதி பெருமூச்சு விட்டு, "நீ குடுத்து வச்சவடி. மலையிலேயே பொறந்து வளந்திருக்க," என்றாள். அதுவரை யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னது அப்போதுதான்.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தோம். நான் நாலாம் வகுப்பு, தம்பி முதலாம் வகுப்பு. மழை விட்டபாடில்லை. அன்று காலையிலேயே பீலிக் குழாயில் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் விழுந்தது. அம்மா எதிர்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் லயத்துக்குப் பின்னால் மண் வாய் பிளந்ததும், எல்லாரும் கோயில் பக்கம் ஓடச் சொல்லிக் கத்தினார்கள். நான் தம்பியை முன்னால் விட்டுத்தான் ஓடினேன். பாதி வழியில் அவன் தன் வெறுங்காலைப் பார்த்தான். தீபாவளிக்கு வாங்கிய புதுச் செருப்பு வாசலில் கிடந்தது. பிடிப்பதற்குள் என்னைத் தாண்டித் திரும்பி ஓடிவிட்டான். அப்போதுதான் மலை இறங்கியது. தேயிலைச் செடிகள் சாயாமல், நிரை கலையாமல், நின்றபடியே இறங்கி வந்தன. அவன் இரண்டு தடவை "அம்மா" என்று கத்தினான். முதல் தடவை பயத்தில். இரண்டாவது தடவை, அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள், இதோ வந்துவிடுவாள் என்று நம்பியவன் கூப்பிடுகிற மாதிரி.

அந்த இரண்டாவது கத்தலைத்தான் நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை. எதையும் பார்க்கவில்லை, எதுவும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். தம்பிக்குப் போட்டோகூடக் கிடையாது. அவனுடைய கடைசி நிமிடம் உலகத்தில் என் ஒருத்தியிடம் மட்டும் இருந்தது. "அம்மாவுக்குத் தெரியவே கூடாது," என்றேன். சிநேகிதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதன் பிறகு லீவு நாட்களில் எங்கள் வீட்டுக்கு வருவாள். அம்மா சுடும் ரொட்டியை அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அம்மா அவளை "அந்தப் புள்ள" என்றுதான் சொல்வாள், சொந்தப் பிள்ளையைச் சொல்வதுபோல.

இந்த வருடம் அவளுடைய தமிழ்க் கவிதைப் புத்தகம் வெளியானது. பதுளையில் விழா. அம்மாவையும் கட்டாயம் கூட்டி வரச் சொல்லியிருந்தாள். அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். சிறுவயதிலேயே மலையின் பேராற்றலை நேருக்கு நேர் கண்டவர் என்று சிநேகிதியை மேடையில் அறிமுகப்படுத்தினார்கள். அவள் மறுக்கவில்லை. நீளமான ஒரு கவிதையை வாசித்தாள். அதில் வரும் அக்கா அவள்தான். அவளுக்குத் தம்பியே கிடையாது. மலை சிறுவனைப் பெயர் சொல்லி அழைக்கிறது. அவன் திரும்புகிறான். சிரிக்கிறான். மடிக்குப் போகிற பிள்ளையைப் போலப் பனிமூட்டத்துக்குள் நடந்து போகிறான். மண்டபமே கைதட்டியது.

வெளியே தேநீர் கொடுத்த இடத்தில் அவளைத் தனியாகப் பிடித்தேன்.

"அது என் தம்பிடி."

"தெரியாமலா எழுதினேன்? நீ இத்தன வருசமா எழுதவே இல்லையே. யாராவது எழுதணும்ல?"

"அவன் சிரிக்கல. செருப்பு எடுக்கத்தான் திரும்பினான்."

"செருப்பு கவிதையில ஒட்டலடி," என்றாள், பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்துகிற குரலில். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துச் சொன்னாள்: "அம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு சொன்னியே, அந்தச் சத்தத்தப் பத்தி நான் ஒரு வார்த்தையும் எழுதலயே."

அவள் வாக்கைக் காப்பாற்றித்தான் இருந்தாள். யாரோ கையெழுத்துக் கேட்டு வந்தார்கள், அவள் திரும்பிக்கொண்டாள்.

பஸ் பசறையைத் தாண்டியது. அம்மா புத்தகத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அந்தப் புள்ள படிச்சது நம்ம தம்பியப் பத்தித்தானே?"

"ஆமாம்மா."

அம்மா கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அவள் கோபப்படவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

"ஒண்ணும் பாக்கலன்னு என்கிட்ட சொன்ன. அதுகிட்ட சொல்லியிருக்க." குரலில் கோபம் இல்லை, அடிபட்ட மாதிரி இருந்தது. என் பக்கம் திரும்பினாள். "நெசமாவே சிரிச்சிக்கிட்டா போனான்?"

என் தம்பியைப் பற்றி எனக்கென்று இருந்தது அந்த ஒரு உண்மைதான். தொண்டை வரைக்கும் வந்தது. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா. சிரிச்சான்," என்றேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வளைவுப் பாதையில் பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுப்பவள், அன்று தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கு வரும்வரை நிம்மதியாகத் தூங்கினாள். நான் சிரிக்கிற முகம் ஒன்றைக் கற்பனை செய்யாமலிருக்கப் பாடுபட்டுக்கொண்டு வந்தேன். முடியவில்லை. இப்போதும் தம்பியை நினைத்தால் முதலில் வருவது சிநேகிதி எழுதிய முகம். அதைத் தள்ளிவிட்டுத்தான் என்னுடைய தம்பியைத் தேடவேண்டியிருக்கிறது.

அதன் பிறகு சிநேகிதியோடு நான் பேசவில்லை. அம்மாவுக்கு அது தெரியாது. ஒவ்வொரு லீவுக்கும் கேட்கிறாள்: "அந்தப் புள்ளய எப்ப கூட்டிட்டு வருவ? என் வயித்துல பால வாத்த புள்ள. அதுக்கு என் கையால ஒரு வாய் சோறு போடணும்."